தோற்ற குதிரையைச் சாம்பியன் என்று சொல்லலாமா?

புதிதாக வந்து படிப்பவர்களுக்காகக் கேள்வியை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் ஓடிய ஃபிராங்கல் என்ற குதிரை 14 பந்தயம் ஓடி 14-லும் ஜெயித்தது. அமெரிக்கக் குதிரை செக்ரடேரியட் 21 ஓடி 16-ல்தான் ஜெயித்தது. அப்படியிருக்க, செக்ரடேரியட்டைப் பலர் முதலிடத்தில் வைப்பது ஏன்? ஒரு பந்தயக் குதிரையை உண்மையான சாம்பியன் என்று எதை வைத்துச் சொல்வது? வெற்றிக் கணக்கா, கடிகாரமா, பரிசுப் பணமா, இல்லை 'நெஞ்சுரம்' என்கிறார்களே, அதுவா? இவ்வளவும் கேட்டிருக்கிறீர்கள். கேட்ட விதத்தைப் பார்த்தால் உங்களை உறுத்துவது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். தோற்ற குதிரையை எப்படிச் சாம்பியன் என்பது?

நான் குதிரை மருத்துவர். வேலைக்காலத்தின் பெரும்பகுதி பந்தய லாயங்களில் போனது. குதிரைக்கு ரேட்டிங் போடும் ஹேண்டிகேப்பர் வேலை பார்த்ததில்லை, பந்தயம் கட்டும் பழக்கமும் இல்லை. ஆகவே உடம்பைப் பற்றி நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். எந்தக் குதிரை எதைவிடப் பெரியது என்று சொல்லும் இடத்தில், பல வருடம் பக்கத்தில் நின்று பார்த்த ஒருவனின் அபிப்பிராயம் என்ற அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் செக்ரடேரியட்டின் அந்த 5 தோல்விகளைப் பிரித்துப் பார்ப்போம். 1972 ஜூலை 4, நியூயார்க் அக்விடக்டில் முதல் பந்தயம். கிளம்பியவுடனே பக்கத்துக் குதிரை வந்து இடித்தது. அதிலிருந்து மீண்டு வந்து 4-வது இடம், முதல் குதிரைக்கும் அதற்கும் ஒன்றேகால் குதிரை நீளம்தான் வித்தியாசம். அதே வருடம் ஷாம்பெயின் ஸ்டேக்ஸில் கோட்டை முதலில் தாண்டியது செக்ரடேரியட்தான். இன்னொரு குதிரைக்கு இடையூறு செய்ததென்று 2-வது இடத்துக்கு இறக்கினார்கள். 1973 வுட் மெமோரியலில் 3-வது. அப்போது மேலுதட்டுக்குள் சீழ்க்கட்டி இருந்தது. கடிவாளம் இழுக்கப்படும் இடத்தில் சீழ்க்கட்டி என்றால் என்ன வேதனை என்பதை ஒரு குதிரையின் வாயைத் திறந்து பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் விட்னி பந்தயத்தில் ஆனியன் என்ற குதிரையிடம் தோற்றபோது உடம்பில் காய்ச்சல் இருந்தது. கடைசியாக உட்வர்டு பந்தயம். அதில் ஓட வேண்டியது அதே லாயத்தின் ரிவா ரிட்ஜ். மழை பெய்து தளம் சேறானதால் கடைசியில் செக்ரடேரியட்டை இறக்கினார்கள், புரூவ் அவுட் என்ற குதிரை ஜெயித்தது. ஆனியன், புரூவ் அவுட் இரண்டையும் தயார் செய்தவர் ஆலன் ஜெர்கன்ஸ் என்ற ஒரே டிரெய்னர். பெரிய குதிரைகளைக் கவிழ்ப்பதில் பேர் எடுத்த மனிதர்.

இதையெல்லாம் சாக்குச் சொல்வதற்காக அடுக்கவில்லை. உடம்பு சரியில்லாத குதிரையை ஓட்டினால் தோற்கும், அதுவும் கணக்கில் வரத்தான் வேண்டும். ஆனால் தோல்வி என்ற ஒரே சொல்லுக்குள் இடி, தண்டனை, கட்டி, காய்ச்சல், அவசர முடிவு என்று ஐந்து வெவ்வேறு விஷயங்கள் கிடக்கின்றன. '16/21' என்ற எண் இவற்றில் எதையுமே காட்டாது. உட்வர்டில் தோற்று பத்து நாளுக்குள் அதே குதிரை முதல்முறையாகப் புல்தளத்தில் ஓடி மேன் ஓ' வார் ஸ்டேக்ஸை ஜெயித்தது என்பதையும் காட்டாது.

இனி ஃபிராங்கல். ஜெயித்த பந்தயங்களையும் இதே மாதிரி பிரித்துப் பார்க்க வேண்டும் அல்லவா? 2010 ஆகஸ்டில் நியூமார்க்கெட்டில் அதன் முதல் ஓட்டம், அரை நீளத்தில் ஜெயித்தது. சாதாரண வெற்றி மாதிரிதான் தெரியும். 2-வதாக வந்த குதிரையின் பெயர் நத்தானியல். அது அடுத்த வருடம் கிங் ஜார்ஜ் பந்தயத்தையும், அதற்கடுத்த வருடம் எக்லிப்ஸ் ஸ்டேக்ஸையும் ஜெயித்த பிறகுதான் அந்த அரை நீளத்தின் மதிப்பு எல்லாருக்கும் புரிந்தது. எக்செலபிரேஷன் கதை இன்னும் சுவாரசியம். அது ஃபிராங்கலோடு 5 முறை மோதி 5 முறையும் தோற்றது. ஃபிராங்கல் இல்லாத இடத்தில் பிரான்ஸில் இரண்டு குரூப் ஒன் பந்தயம், அதாவது உச்சத் தரப் பந்தயம், ஜெயித்தது. 2012 அக்டோபர் 20 அன்று ஃபிராங்கல் ஆஸ்கட்டில் தன் கடைசிப் பந்தயத்தை ஓடியபோது, அதே மைதானத்தில் அதே பிற்பகலில் குயின் எலிசபெத் ஸ்டேக்ஸை ஜெயித்தது எக்செலபிரேஷன். வேறு வருடத்தில் பிறந்திருந்தால் அதைத்தான் அந்தத் தலைமுறையின் சிறந்த மைல் குதிரை என்றிருப்பார்கள். ஒரு சாம்பியனை அளக்க அதன் பெயருக்கு நேரே இருக்கும் '1' என்ற எண் போதாது. அதன் பின்னால் வந்தவை அதற்கு முன்னும் பின்னும் என்ன செய்தன என்று பார்க்க வேண்டும். ஃபிராங்கலின் 14-0 கனமானதாக இருப்பது இதனால்தான். வெறும் 14-0 எத்தனையோ சின்ன ஊர்ப் பந்தயங்களில் கிடைக்கும்.

அதே ஃபிராங்கல் ஒருமுறை கிட்டத்தட்ட மாட்டிக்கொண்டது. 2011 செயின்ட் ஜேம்ஸஸ் பேலஸ் ஸ்டேக்ஸில் ஜாக்கி டாம் குவீலி ரொம்ப முன்கூட்டியே விரட்டிவிட்டார். கடைசியில் மூச்சு தீர்ந்து, சோஃபனி நெருங்கி வந்து, முக்கால் நீளத்தில் தப்பித்தது. பந்தயம் இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தால் 13-1. அப்போது உங்கள் கேள்வியே வேறு மாதிரி இருந்திருக்கும், குதிரை மட்டும் அதே குதிரைதான்.

இங்கேதான் என் முக்கியமான வாதம் வருகிறது. எந்தப் பந்தயத்தில் ஓடுவது என்று குதிரை முடிவு செய்வதில்லை. ஓனரும் டிரெய்னரும் செய்கிறார்கள். தோல்வி இல்லாத கணக்கு என்பதில் பாதி குதிரையின் சாதனை, மீதி மனிதர்களின் எச்சரிக்கை. அதனால் ஒரு குதிரையைப் பற்றி யாராவது பெருமையாகச் சொல்லும்போது நான் கேட்பது ஒன்றுதான்: அதைத் தோற்கக்கூடிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்களா?

ஃபிராங்கல் இங்கிலாந்தை விட்டு வெளியே போகவில்லை, பத்தரை ஃபர்லாங்குக்கு மேல் ஓடவில்லை (8 ஃபர்லாங் ஒரு மைல்), மண்தளத்தில் ஓடவே இல்லை. ஆனால் அதன் கடைசிப் பந்தயத்தில் அதன் டிரெய்னர் ஹென்றி செசில் எடுத்த முடிவு லேசானதில்லை. ஆஸ்கட்டில் தளம் ஈரமாகி இளகிக் கிடந்தது. எதிரில் நின்ற சிரஸ் டெஸ் எய்கிள் அப்படிப்பட்ட தளத்தில் வெளுத்து வாங்கும் பிரெஞ்சுக் குதிரை. ஃபிராங்கல் கிளம்பும்போதே பின்தங்கியது. ஒன்றேமுக்கால் நீளத்தில் ஜெயித்தது. குயின் ஆன் ஸ்டேக்ஸில் 11 நீளம், யார்க்கில் 7 நீளம் என்று ஜெயித்த குதிரைக்கு இது சின்ன இடைவெளிதான். எனக்கு அதன் பந்தயங்களில் மிகவும் பிடித்ததும் அதுதான்.

ஆஸ்திரேலியாவின் இரண்டு பெண் குதிரைகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விங்க்ஸ் தொடர்ச்சியாக 33 பந்தயம் ஜெயித்தது, காக்ஸ் பிளேட்டை 2015 முதல் 2018 வரை 4 முறை எடுத்தது, நாட்டை விட்டு வெளியே போகவில்லை. பிளாக் கேவியர் 25-க்கு 25. அதை 2012-ல் அவ்வளவு தூரம் விமானத்தில் ஏற்றி இங்கிலாந்தின் ராயல் ஆஸ்கட்டுக்குக் கொண்டு போனார்கள். அங்கே ஜாக்கி லூக் நோலன் கோடு வரும் முன்பே ஓட்டுவதை நிறுத்தினார், ஒரு தலை வித்தியாசத்தில் தப்பித்தது. பிறகு சோதித்தபோது தசைக் கிழிவு இருந்தது தெரிந்தது. எண்ணைப் பார்த்தால் விங்க்ஸ் பெரிதாகத் தெரியலாம். ஆனால் நாடு தாண்டி, பருவம் மாறி, கிழிந்த தசையோடு ஜெயித்த அந்த ஒரு தலை வித்தியாசத்துக்கு நான் அதிக மதிப்பெண் போடுவேன். விங்க்ஸ் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

சரி, இப்போது எடை. பந்தயம் பார்க்காதவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை, ஆனால் குதிரைகளை ஒப்பிட மனிதர்கள் கண்டுபிடித்ததிலேயே நேர்மையான தராசு இதுதான். ஹேண்டிகேப் பந்தயத்தில் நல்ல குதிரைக்கு அதிக எடை, சுமாரான குதிரைக்குக் குறைவான எடை. ஜாக்கியின் எடை போதவில்லை என்றால் சேணத்துக்கடியில் ஈயத் தகடு வைப்பார்கள். எல்லாக் குதிரையும் ஒன்றாகக் கோட்டைத் தொட வேண்டும் என்பது ஹேண்டிகேப்பரின் கனவு. 5 ஃபர்லாங் மாதிரி குறுகிய ஓட்டத்தில் ஏறத்தாழ 3 பவுண்டு ஒரு குதிரை நீளத்துக்குச் சமம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். தூரம் கூடக் கூட ஒரு நீளத்துக்கான பவுண்டு குறைந்துகொண்டே வரும்.

இந்தத் தராசில் வைத்துப் பார்த்தால் சில தோல்விகள் வெற்றிகளைவிடப் பெரிதாகிவிடுகின்றன. அயர்லாந்தின் ஆர்க்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். தடை தாண்டும் குதிரை, செல்டன்ஹாம் கோல்டு கப்பை 1964, 1965, 1966 என்று வரிசையாக ஜெயித்தது. மற்ற குதிரைகளுக்கும் அதற்கும் இடைவெளி அவ்வளவு அதிகமாகி, அயர்லாந்தில் ஆர்க்கிள் ஓடினால் ஒரு எடைப் பட்டியல், ஓடாவிட்டால் வேறொரு எடைப் பட்டியல் என்று இரண்டு போடும்படி விதியையே மாற்றினார்கள். 1966-ல் ஹென்னெஸி என்ற ஹேண்டிகேப் பந்தயத்தில் அது அரை நீளத்தில் தோற்றது. ஜெயித்தது ஸ்டால்பிரிட்ஜ் கலோனிஸ்ட் என்ற வெள்ளைச் சாம்பல் நிறக் குதிரை. அதைவிட ஆர்க்கிள் 35 பவுண்டு, அதாவது சுமார் 16 கிலோ கூடுதலாகச் சுமந்திருந்தது. மூன்று மைலுக்கு மேல், அத்தனை வேலிகளையும் தாண்டி. அந்த ஸ்டால்பிரிட்ஜ் கலோனிஸ்ட் லேசுப்பட்டதும் இல்லை. அடுத்த கோல்டு கப்பில், எல்லாக் குதிரைக்கும் சம எடை இருக்கும் அந்தப் பந்தயத்தில், ஒரு நீளத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் 2-வதாக வந்தது. அப்படிப்பட்ட குதிரைக்கு 16 கிலோ விட்டுக்கொடுத்து அரை நீளத்தில் தோற்றதை நான் தோல்விக் கணக்கில் எழுத மாட்டேன்.

இங்கிலாந்தின் தடை தாண்டும் பந்தயமான 1973 கிராண்ட் நேஷனலையும் சொல்லாமல் விட முடியாது. ஏறத்தாழ நாலரை மைல், 30 வேலி. கிரிஸ்ப் என்ற குதிரை 12 ஸ்டோன் (சுமார் 76 கிலோ) சுமந்து முதல் சுற்றிலேயே முன்னால் போய்த் தனியாகப் பறந்தது. ரெட் ரம் அதைவிட 23 பவுண்டு குறைவாகச் சுமந்து துரத்தியது. கடைசி வேலியைத் தாண்டியபோதும் கிரிஸ்ப் வெகுதூரம் முன்னால். அங்கிருந்து கோடு வரை உள்ள நீண்ட ஓட்டத்தில் கால்கள் தளர்ந்து, கோணலாக விலகி, கோட்டுக்கு ஒருசில எட்டுகள் இருக்கும்போது முக்கால் நீளத்தில் பறிகொடுத்தது. அதன் படத்தைப் பாருங்கள், மருத்துவராக எனக்கு அதைப் பார்ப்பது கொஞ்சம் கஷ்டம். அந்தப் பின்னங்கால்கள் நடுங்கித் தடுமாறுவதில் முழு உடம்பும் காலியாகிவிட்டது தெரியும். அதே வருடம் டான்காஸ்டரில் இரண்டும் சம எடையில் மோதியபோது கிரிஸ்ப் சுலபமாக ஜெயித்தது. அப்படியென்றால் ரெட் ரம் அதிர்ஷ்டசாலிதானா? அதுவும் இல்லை. அடுத்த வருடம் அதே 12 ஸ்டோனைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு ரெட் ரம் நேஷனலை ஜெயித்தது. அதன்பிறகு இரண்டு வருடம் 2-வது இடம், 1977-ல் மறுபடி முதலிடம். கிரிஸ்ப் அந்த ஒரு நாள் பெரிய குதிரை, ரெட் ரம் ஐந்து வருடம் பெரிய குதிரை. இரண்டில் எதைச் சாம்பியன் என்பது என்று கேட்டால், என் பதில் ரெட் ரம்தான், முழு மனதோடு அல்ல.

கடிகாரத்துக்கு வருவோம். செக்ரடேரியட் ஆதரவாளர்களின் பலமே அதுதான். 1973 கென்டக்கி டெர்பியை 1 நிமிடம் 59.4 விநாடியில் ஓடியது. அதில் ஒவ்வொரு கால் மைலையும் முந்தைய கால் மைலைவிட வேகமாக ஓடியது. குதிரைகள் அப்படி ஓடாது. ஒன்றேகால் மைல் ஓடும் குதிரை கடைசிக் கால் மைலில் வேகம் குறையும், எல்லாம் ஒரே மாதிரி குறைவதால் முன்னால் இருப்பது வேகமெடுப்பதுபோல நமக்குத் தெரியும். உண்மையாகவே வேகம் கூட்டிக்கொண்டே போவது அபூர்வம். ஐந்து வாரம் கழித்து பெல்மான்ட் ஸ்டேக்ஸில் ஒன்றரை மைலை 2 நிமிடம் 24 விநாடி, 31 நீளம் இடைவெளி. மண்தளத்தில் அந்தத் தூரத்துக்கு அந்த நேரத்தை இன்றுவரை எதுவும் தொடவில்லை. ஜெயித்த டிக்கெட்டுகளில் 5,617 டிக்கெட்டை ஜனங்கள் பணமாக மாற்றவே இல்லையாம். 2 டாலருக்கு 2 டாலர் 20 சென்ட் கிடைக்கும், அதற்குப் பதில் காகிதத்தையே பத்திரப்படுத்திக்கொண்டார்கள்.

ஆனாலும் கடிகாரத்தை முழுதாக நம்பாதீர்கள். ஒரே தளம் காலையில் ஒரு மாதிரி, மழைக்குப் பிறகு வேறு மாதிரி. புல்தள நேரத்தையும் மண்தள நேரத்தையும் ஒப்பிட முடியாது. மெதுவாகத் தொடங்கிக் கடைசியில் மட்டும் விரட்டும் பந்தயங்களில் மொத்த நேரத்துக்கு அர்த்தமே இருக்காது. கடிகாரமே தப்பாகப் போவதும் உண்டு. அதே 1973-ல் செக்ரடேரியட் ஜெயித்த பிரீக்னஸ் பந்தயத்தில் மைதானத்தின் மின்கடிகாரம் காட்டிய நேரம் சர்ச்சையானது. பழைய படச்சுருள்களைப் பார்த்து மேரிலாந்து ரேசிங் கமிஷன் 2012-ல்தான் அதை 1 நிமிடம் 53 விநாடி என்று திருத்தியது. 39 வருடம் கழித்து! நேரம் சாட்சி சொல்லும், தீர்ப்புச் சொல்லாது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெல்மான்ட் மாதிரி சாட்சி அவ்வளவு பலமாக இருந்தால் மட்டும் தீர்ப்பும் கிட்டத்தட்ட தானாக வந்துவிடும்.

அடுத்தது இதயம். இது என் துறை, இங்கே கொஞ்சம் நிதானிக்கிறேன். நல்ல உடம்புள்ள பந்தயக் குதிரையின் இதயம் ஓய்வில் நிமிடத்துக்கு 30 முதல் 40 முறை துடிக்கும், முழு வேகத்தில் 220-ஐத் தாண்டும். மண்ணீரல் ஒரு சேமிப்புக் கிடங்கு. ஓட்டம் தொடங்கியதும் அது சுருங்கி, தேக்கி வைத்த சிவப்பணுக்களை ரத்தத்தில் கொட்டும். ஓய்வில் ரத்தத்தில் 40 சதவீதம் அளவில் இருக்கும் சிவப்பணுக்களின் பங்கு 60-ஐத் தாண்டிவிடும். குதிரையால் வாயால் மூச்சு விட முடியாது, நாலுகால் பாய்ச்சலில் ஒரு எட்டுக்கு ஒரு மூச்சு என்று பூட்டியிருக்கும். ஆகவே பெரிய இதயம், அடைப்பில்லாத மூச்சுக்குழல், நீண்ட எட்டு மூன்றும் சேர்ந்தால் வேகமான குதிரை கிடைக்கும் என்பதில் சந்தேகம் இல்லை.

சந்தேகம் அதற்குப் பிறகுதான். செக்ரடேரியட்டின் இதயம் 22 பவுண்டு என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கும். 1989-ல் குளம்பு அழற்சியால் அதைக் கருணைக்கொலை செய்த பிறகு பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் தாமஸ் சுவெர்செக் அந்த இதயத்தை எடை போடவில்லை, கண்ணால் பார்த்து மதிப்பிட்டார். எடை போடப்பட்டது செக்ரடேரியட்டிடம் டெர்பியிலும் பிரீக்னஸிலும் 2-வதாக வந்த ஷாமின் இதயம், 18 பவுண்டு. ஆயிரக்கணக்கான இதயங்களைக் கையில் எடுத்துப் பார்த்த நோயியல் நிபுணரின் கண்மதிப்பை நான் அலட்சியம் செய்ய மாட்டேன், ஆனால் அது அளவீடு இல்லை. ஷாமின் 18 பவுண்டையும் யோசியுங்கள். சராசரியைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்த இதயத்தோடு ஓடிய பெல்மான்டில் அது 5 குதிரைகளில் கடைசியாக வந்தது. ஆஸ்திரேலியாவில் ஃபார் லாப்பின் 6.2 கிலோ இதயத்தைக் கான்பெராவில் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள், ஜனங்கள் போய்ப் பார்த்து நெகிழ்கிறார்கள். அந்த ஃபார் லாப்பும் 1931 மெல்போர்ன் கோப்பையில் 68 கிலோ சுமக்க வைத்தபோது 8-வதாகத்தான் வந்தது. பெரிய இதயம் தாய் வழியில் எக்ஸ் குரோமோசோமில் வருகிறது என்றொரு கதை வளர்ப்பாளர்களிடையே ரொம்பப் பிரபலம், நிரூபணம் கிடையாது. மரபணுவில் உறுதியாகத் தெரிந்தது தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்டேட்டின் பற்றியது. அதன் ஒரு வகை குறுகிய ஓட்டத்துக்கும், இன்னொரு வகை நீண்ட ஓட்டத்துக்கும் உடம்பைத் தயார் செய்கிறது. எவ்வளவு தூரம் ஓடலாம் என்பதைச் சொல்லுமே தவிர, ஜெயிக்குமா என்பதைச் சொல்லாது.

'நெஞ்சுரம்' பற்றி நேரடியாகவே கேட்டிருக்கிறீர்கள். அதை அளக்க என்னிடம் கருவி இல்லை. பக்கத்தில் இன்னொரு குதிரை வந்து முந்தப் பார்க்கும்போது காதை மடக்கிக்கொண்டு இன்னும் அழுத்தும் குதிரைகள் உண்டு, அந்தக் கணமே விட்டுக்கொடுக்கும் குதிரைகளும் உண்டு. இது கண்ணால் பார்த்தது, மறுக்க முடியாது. காரணம் என்ன என்பதில்தான் நான் மற்றவர்களோடு ஒத்துப்போவதில்லை. 'இதுக்கு மனசு இல்லை டாக்டர்' என்று டிரெய்னர்கள் கொண்டுவந்து காட்டிய குதிரைகளில் பலவற்றுக்கு வயிற்றில் புண் இருந்தது. பந்தயக் குதிரைகளில் வயிற்றுப்புண் அவ்வளவு சாதாரணம். சிலவற்றுக்கு நுரையீரலில் ரத்தக் கசிவு, சிலவற்றுக்கு முன்னங்கால் எலும்பில் மயிரிழை விரிசலின் ஆரம்பம். வலிக்கிற குதிரை வேகம் குறைக்கிறது, அது புத்திசாலித்தனம். இதை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் மருத்துவரோ டிரெய்னரோ அல்ல, லாயத்தில் குதிரையைப் பராமரிக்கும் சைஸ்தான். பந்தயம் முடிந்த மறுநாள் காலை தீவனத் தொட்டிக்குள் கையை விட்டுப் பார்ப்பார். அடியில் ஓட்ஸ் மிச்சம் கிடந்தால் முகம் மாறிவிடும். காலைத் தடவி, தசைநாரில் எந்த இடம் மற்றதைவிடக் கொஞ்சம் சூடு என்று புறங்கையால் சொல்லிவிடுவார். நான் ஸ்கேன் எடுத்து அதையே பிறகு உறுதி செய்வேன். முழு பலத்தையும் கொட்டி ஓடிய அன்று மாலையே தொட்டியை நக்கித் துடைத்துவிடும் குதிரைதான் அடுத்த மாதமும் அதே மாதிரி ஓடும். செக்ரடேரியட் பெருந்தீனிக்காரன் என்பது அதன் லாயத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். சாம்பியன்களிடம் 'நெஞ்சுரம்' என்று நாம் பார்ப்பதில் ஒரு பங்கு, வலியில்லாத உடம்பு மற்றும் சீக்கிரம் தேறும் உடம்பு என்பது என் கருத்து. முழுப் பங்கும் அதுதான் என்று சொல்ல மாட்டேன். 1966 டிசம்பரில் கெம்ப்டனில் ஆர்க்கிள் குளம்புக்குள் இருக்கும் எலும்பு முறிந்த நிலையிலும் ஓடி முடித்து ஒரு நீளத்தில் 2-வதாக வந்தது. அந்த எலும்பு முறிந்த குதிரைகளை நான் பார்த்திருக்கிறேன், காலை ஊன்றவே தயங்கும். ஆர்க்கிள் எப்படி ஓடியது என்பதற்கு என் படிப்பில் விடை இல்லை. பாராட்டுவதா, நிறுத்தியிருக்க வேண்டும் என்று வருத்தப்படுவதா என்பதிலும் எனக்கு இரண்டு மனம்.

ரேட்டிங் எண்களை வைத்துக் காலம் கடந்து ஒப்பிடலாமே என்று கேட்கலாம். அவையும் பவுண்டுக் கணக்குதான். குதிரைகளுக்கு ரேட்டிங் போடும் டைம்ஃபார்ம் நிறுவனம் ஃபிராங்கலுக்கு 147 கொடுத்தது, அதற்கு முன் தடையில்லாத சமதளத்தில் ஓடும் குதிரைகளில் உச்சத்தில் இருந்த சீ-பேர்டுக்கு 145. உலகத் தரவரிசையில் ஃபிராங்கலுக்கு 140. ஆனால் அதே பட்டியலில் 1986-ன் டான்சிங் பிரேவ் 141-ல் இருந்தது. 2013 ஜனவரியில் பழைய காலத்து ரேட்டிங்குகள் தாராளமாகப் போடப்பட்டவை என்று கணக்கை மறுசீரமைத்து அதை 138 ஆக்கினார்கள், ஃபிராங்கல் முதலிடத்துக்கு வந்தது. திருத்தத்துக்குப் புள்ளிவிவரக் காரணம் இருந்தது, அதை ஏமாற்று வேலை என்று நான் சொல்லவில்லை. ஓடி முடித்து கால் நூற்றாண்டு ஆன குதிரைக்கு அலுவலக மேசையில் 3 பவுண்டு குறைய முடியும் என்றால், இரண்டு மூன்று பவுண்டு வித்தியாசத்தை வைத்து சண்டை போடுவதில் பொருளில்லை என்று மட்டும் சொல்கிறேன். ஒரே வருடத்துக்குள், ஒன்றோடொன்று மோதிய குதிரைகளுக்கு அந்த எண்கள் நல்ல வழிகாட்டி. 1973-ன் அமெரிக்க மண்தளத்தையும் 2012-ன் ஆங்கிலப் புல்தளத்தையும் இணைக்கும் பாலம் அவற்றில் இல்லை.

இன்னொரு தடையும் உண்டு, அது வியாபாரம். செக்ரடேரியட்டை 3 வயதுப் பருவம் தொடங்கும் முன்பே 60 லட்சம் டாலருக்கு மேல் இனவிருத்திப் பங்குகளாக விற்றுவிட்டார்கள், அந்த வருடத்தோடு ஓட்டத்தை நிறுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு. அதனால் 4 வயதில், முழு எலும்பு வளர்ச்சியோடு, கனமான எடை ஏற்றி ஓடியிருந்தால் என்ன செய்திருக்கும் என்பது யாருக்கும் தெரியாது. 2022-ன் ஃப்ளைட்லைன் இன்னும் மோசமான உதாரணம். மொத்தமே 6 பந்தயம், 6-லும் ஜெயித்தது, பசிஃபிக் கிளாசிக்கில் 19 நீளத்துக்கு மேல். ரேட்டிங் 140, ஃபிராங்கலுக்குச் சமம். அப்புறம் நேராக ஸ்டட் ஃபார்ம், அதாவது இனவிருத்திப் பண்ணை. 6 ஓட்டத்தில் ஒரு குதிரை எவ்வளவு வேகம் என்று தெரியும், எவ்வளவு காலம் தாங்கும் என்று தெரியாது. இதற்கு நேர் எதிர் கெல்சோ. விதையடித்த குதிரை என்பதால் இனவிருத்திக்கு உதவாது, ஆகவே ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். 1960 முதல் 1964 வரை தொடர்ந்து 5 வருடம் அமெரிக்காவின் ஆண்டின் சிறந்த குதிரை. அதை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

இப்போது உங்கள் நேரடிக் கேள்விக்கு என் பதில். ஒரே ஒரு பிற்பகலை எடுத்துக்கொண்டால் பெல்மான்ட் செக்ரடேரியட்டுக்கு நிகர் நான் அறிந்தவரை எதுவும் இல்லை. முதல் ஓட்டத்திலிருந்து கடைசி ஓட்டம் வரை ஒரே தரத்தைக் காட்டியதில் ஃபிராங்கல் மேலே. மண், புல், ஒரு மைலுக்குக் குறைவிலிருந்து ஒன்றரை மைலுக்கு மேல் வரை, ஒன்றரை வருடத்துக்குள் இத்தனை விதமான சோதனைக்கு ஆட்பட்டது என்பதற்காக நான் செக்ரடேரியட்டைக் கொஞ்சம் முன்னால் வைப்பேன். அதன் 5 தோல்விகளும் அந்தச் சோதனைகளின் விலைதான். எடைத் தராசில் ஆர்க்கிள் இரண்டுக்கும் மேலே, ஆனால் அது தடை தாண்டும் விளையாட்டு, வேறு வகை. ஃபிராங்கலை முன்னால் வைப்பவரோடு நான் சண்டை போட மாட்டேன். 14-0 என்பதை மட்டும் காரணமாகச் சொல்பவரோடு போடுவேன்.

பரிசுப் பணத்தை விட்டுவிட்டேன். அதைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். 2020-ல் தொடங்கிய சவுதி கோப்பையின் மொத்தப் பரிசு 2 கோடி டாலர், அதில் பாதி முதல் குதிரைக்கு. செக்ரடேரியட் 21 பந்தயத்திலும் சேர்த்துச் சம்பாதித்தது 13 லட்சம் டாலர் சொச்சம்.